சீராயி கையில் விளைந்த தினை

அடிபம்பின் கைப்பிடி எகிறிச் சீராயியின் வலது முன்கையில் அடித்து, உள்ளே இருந்த இரண்டு எலும்புகளையும் ஒரே இடத்தில் முறித்த அந்த வருஷம் ஓலக்கரட்டில் மழை சரியாகப் பெய்திருந்தது, காடுகளில் தினை இடுப்பு உயரம் நின்றிருந்தது, யாருக்கும் பெரிய குறை என்று இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு பொம்பளையின் கையில் பயிர் முளைத்ததை ஊர் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டது.

அவளுடைய புருஷன் செங்கோடன் அவளை மொபெட்டில் உட்காரவைத்து, ஊர்க்கோடியில் இருந்த வைத்தியர் ஆதிமூலத்தின் வாசலுக்குக் கொண்டுபோனான். ஆதிமூலம் பாலக்காட்டுப் பக்கம் பன்னிரண்டு வருஷம் இருந்து ஆயுர்வேதம் படித்து வந்தவர். கையை இழுத்து நேராக்கி, பிரண்டையையும் தினைமாவையும் அரைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டினார். கட்டும்போது வலி தெரியாமல் இருக்கப் பேசிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம்.

"தினைக்கு வடமொழியில கங்குன்னு பேரு அம்மிணி. தானியத்துல முறிஞ்ச எலும்பச் சேர்க்கிற குணம் இதுக்குத்தான் சொல்லியிருக்கு. சளிய அறுக்கும். ஒடம்புக்கு ஊட்டம். கொஞ்சம் வாயு, அவ்வளவுதான். குதிரைக்குப் போட்டா குதிரையே கொழுத்துரும்."

அவசரத்தில் அரைத்த மாவு. அதில் அரைபடாத மணி ஒன்று இருந்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் காலையில், இரண்டு மூங்கில் பத்தைகளுக்கு நடுவே, துணியைத் துளைத்துக்கொண்டு ஒரு பச்சைத் தினைத்தாள் வெளியே வந்து நின்றது.

ஆதிமூலம் குனிந்து முகர்ந்து பார்த்தார். நகத்தால் மண்ணைக் கிளறுவதுபோல மாவை விலக்கிப் பார்த்தார்.

"வேர் எலும்பு முறிவுக்குள்ள போயிருக்கு" என்றார்.

"புடுங்கிரலாங்களா?" என்று செங்கோடன் கேட்டான்.

"புடுங்குனா எலும்பும் கூட வந்துரும். இருக்கட்டும். வெயில்ல காட்டச் சொல்லு."

அப்படியாகச் சீராயி தினமும் காலையில் கையை வெயிலில் நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள், சிட்டுக்குருவி கொத்தாமல் இருக்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பழைய கொசுவலையைக் கிழித்து ஒரு பை தைத்துக் கொடுத்தார்கள், ஆடு மேய்க்கிறவர்கள் அவள் வீட்டு வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள், டவுன் பஸ் கண்டக்டர் அவளுக்கு ஜன்னலோர இருக்கையை ஒதுக்கிப் பயிருக்குக் காற்று வேண்டும் என்றார், கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் இது மானாவாரியா இறவைப் பாசனமா என்று கேட்டு, வியர்வையில் விளைவதால் மானாவாரி என்று தானே முடிவு செய்து, பரப்பளவு என்ற இடத்தில் ஒரு முழம் என்று எழுதிக்கொண்டு போனார். யாரும் கோயில் கட்டவில்லை, யாரும் பேயோட்டவும் இல்லை. களை முளைத்திருக்கிறதா என்று மட்டும் போகிற வருகிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம், வலிக்கவில்லை, அரிக்கிறது என்றாள் சீராயி. மழைக்கு முந்தின மணி நேரத்தில் மட்டும், எலும்புக்குள் வேர் தண்ணீர் தேடி அசைவது தெரியும் என்றாள்.

தொண்ணூறாம் நாள் கதிர் சாய்ந்தது. பொன் நிறத்தில் ஒரு பிடி தினை. அந்த வாரம்தான் பம்பை மேளம் அடிக்கிற மாரப்பன் பந்தல் காலிலிருந்து விழுந்து காறையெலும்பு முறிந்து கிடந்தார். ஆதிமூலம் அந்த ஒரு பிடியைக் கஞ்சியாகக் காய்ச்சி அவருக்குக் கொடுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், சுள்ளி முறிகிற சத்தத்தைத் திருப்பிப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம் மாரப்பனின் தோளில் கேட்டது. அவர் எழுந்து பம்பையை மாட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்தார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள் வந்தார்கள், கிணறு வெட்டப் போய்க் கல் விழுந்தவர்கள் வந்தார்கள், லாரியிலிருந்து குதித்துக் கால் பிசகியவர்கள், மாடு முட்டியவர்கள், மாமியார் தள்ளிவிட்டதை வழுக்கி விழுந்ததாகச் சொன்ன மருமகள்கள், எல்லாரும் ஆதிமூலத்தின் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலிலும் கோணிச் சாக்கிலும் படுத்து, சீராயியின் கை விளைவதற்காகக் காத்துக் கிடந்தார்கள். ஆதிமூலம் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. ஒன்றாக இருந்த கதிர் அடுத்த போகத்தில் இரண்டானது, பிறகு நாலானது.

சீராயியின் எலும்பு மட்டும் கூடவில்லை.

"உன்னுது கொஞ்சம் முரண்டு புடிக்குது அம்மிணி" என்பார் ஆதிமூலம், ஒவ்வொரு அறுப்பின்போதும் கட்டை அவிழ்த்து, கையைத் தொட்டுப் பார்த்து, மறுபடியும் கட்டும்போது. "இன்னும் ஒரு கட்டுப் பார்ப்போம்."

"என் கதிர நானே தின்னா என்னங்கய்யா?"

"தன் பாலத் தாய் தானே குடிப்பாளா? விளைஞ்ச ஒடம்புக்கு அது விஷம்."

அவள் நம்பினாள். அவர் சொல்லி எத்தனை பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. அந்த மூன்று வருஷமும் செங்கோடன் அவளைத் தாங்கியதைப் பார்த்து ஓலக்கரட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள். அவன்தான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிப் பின்னிவிட்டான், அவன்தான் சேலை மடிப்பை எடுத்துச் சொருகிவிட்டான், அடுப்படிப் பக்கமே வராமல் இருந்த மனுஷன் சமையல் கற்றுக்கொண்டு, ருசியாக ஆக்கி, தட்டில் பிசைந்து, மூன்று வேளையும் அவளுக்குத் தன் கையால் ஊட்டினான். புளிக்குழம்பில் அவனை அடிக்க ஆளில்லை. கருவாடு, காரம் தூக்கலான ரசம், எலுமிச்சை ஊறுகாய், நார்த்தங்காய் உப்பில் போட்டது. முன்பு தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத செங்கோடனை இப்போது வெளியூர் ஆட்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் இல்லாத அன்யோன்யம் அது. ஒரு கை போனாலும் ஒரு மனுஷன் கிடைத்தான் என்று சீராயி தன்னைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொள்வது என்ன, சில நாள் அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள்.

பன்னிரண்டாம் போகம் பழுத்து அறுப்புக்கு நின்ற நாள், மத்தியானச் சோறு பாதியில் இருக்கும்போது, மலையிலிருந்து ஜீப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கி வந்திருக்கிறார்கள் என்று செங்கோடனைக் கூப்பிட்டார்கள். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினான். அப்போதுதான் மாரப்பன் வந்தார். போன மாசம் அவர் மகளுக்கு மணிக்கட்டு முறிந்து, முந்தின அறுப்பில் மிஞ்சியிருந்த சீராயியின் தினையில் குணமாகியிருந்தது. நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தவர், வாசற்படியில் நின்று தட்டைப் பார்த்தார்.

"இது யாருக்கு வெச்ச சோறு தாயி?"

"எனக்குத்தாண்ணா. ஏன்?"

"உனக்கா?" மாரப்பன் படியேறி வந்து குனிந்து பார்த்தார். "புளிக்கொழம்பு. ஊறுகா. உனக்கா?"

"அவருக்குக் கைவந்த கொழம்பு. ஏன் அப்பிடிப் பார்க்கறீங்க?"

"எலும்பு மூணு நாள்ல கூடுனாலும், உப்பு, புளி, மொளகா மூணையும் நாப்பது நாளைக்குத் தொடக் கூடாதுன்னுட்டாரு வைத்தியரு. எனக்கும் அப்பிடித்தான் சொன்னாரு, எம்மவளுக்கும் அப்பிடித்தான். அது பட்டா எலும்பு கூடாதாம், கூட வர்றதும் வெலகிப் போயிருமாம். அவ உப்பில்லாத கஞ்சியக் குடிச்சிட்டு அழுவுறா."

"எனக்கு அப்பிடி யாரும் ஒண்ணும் சொல்லலையே."

மாரப்பன் பழத்தைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படியில் உட்கார்ந்தார்.

"சோத்துல வெப்பாங்கன்னு எனக்குத் தெரியாது தாயி" என்றார். "அது தெரியாது. மத்தது தெரியும்."

பிறகு சொன்னார். முதல் போகம் அறுத்து, அவருக்கு எலும்பு கூடிய மறு வாரம், சீராயி தன் அம்மா ஊர்ப் பண்டிகைக்குப் போயிருந்தாளே, அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. எலும்பு திறந்திருக்கிற வரைக்கும்தான் கதிர் வரும், கூடிவிட்டால் நின்றுபோகும், என்ன செய்யலாம் என்று ஆதிமூலம் கேட்டார். ஒரு போகம் கூடவிடாமல் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் ஆதிமூலம்.

"எத்தன பேரு தூக்குனாங்க?"

"தூக்காதவங்க இல்ல தாயி. நானும் தூக்குனேன். நீ சேர்த்துக் குடுத்த தோளுதான். வலியே இல்லாமத் தூக்க முடிஞ்சுது."

"அவரு?"

மாரப்பன் தெருவைப் பார்த்தார். "செங்கோடந்தான் மொதல்ல தூக்குனாப்ல."

செங்கோடன் திரும்பி வந்தபோது மாரப்பன் போயிருந்தார். அவன் கையைக் கழுவி, ஆறிப்போன சோற்றின்மேல் சூடான குழம்பு ஊற்றிப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி அவள் வாயருகே கொண்டுவந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏன், உப்புத் தூக்கலா இருக்குதா?"

"அத நீங்கதான் சொல்லோணும்."

கவளம் அந்தரத்தில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் கையிலிருந்ததை மெதுவாகத் தட்டில் வைத்தான்.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்னங்க?"

"ஒரு போகத்துக்குத்தான்னு சொன்னாங்க சீராயி. அப்புறம் அந்தக் கெணறு வெட்டப் போன ஆளு, அவனுக்கு மூணு பொட்டப் புள்ளைங்க. இன்னும் ஒரு போகம்னாங்க. எப்ப நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. உனக்கு வலியில்லன்னு வைத்தியரு சத்தியம் பண்ணாரு. நான் உன்ன ஒரு நாளாவது கவனிக்காம விட்டிருக்கேனா? ஒரு வேளைக்குப் பட்டினி போட்டிருக்கேனா?"

"என்னக் கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேனே."

"நீ மாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னு வைத்தியரு கேட்டாரு. ஊர்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதனாலதான் கேக்கல."

நிஜமாகவே சரி என்று சொல்லியிருப்பாளா என்று சீராயி யோசித்தாள். முதல் போகத்துக்குச் சொல்லியிருப்பாள். ஐந்தாவதுக்குச் சொல்லியிருப்பாளா, பத்தாவதுக்கு? தெரியவில்லை. தான் நல்லவளா இல்லையா என்று தெரிந்துகொள்ள வாழ்க்கையில் ஒரே ஒரு சந்தர்ப்பம் வந்தது, அதையும் அவளுக்குப் பதிலாக மற்றவர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அழுகை வரவில்லை. வாயில் மூன்று வருஷத்து உப்பு மட்டும் கரித்தது.

அவள் எழுந்து, கொசுவலைப் பைக்குள் ஆடுகிற கதிர்களோடு, ஆதிமூலத்தின் முற்றத்துக்கு நடந்தாள். செங்கோடன் பின்னாலேயே வந்தான். அவள் நடக்கிற விதத்தைப் பார்த்து ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஆட்கள் இறங்கி, யாரும் யாரையும் பார்க்காமல், கூடவே வந்தார்கள்.

"வா அம்மிணி. நானே வரலாம்னு இருந்தேன். கதிர் பழுத்திருச்சு" என்றார் ஆதிமூலம்.

"அறுத்துக் குடுங்கய்யா. இத நான் திங்கப் போறேன்."

"விஷம்னு சொல்லியிருக்கேன்ல."

"உப்பும் புளியும் திங்கலாம்னுகூடத்தான் நீங்க சொல்லாமச் சொன்னீங்க."

ஆதிமூலம் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. அவர் ஒன்றும் குன்றிப்போகவில்லை; அதுதான் சீராயிக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அம்பது பேரு நடக்கறாங்க அம்மிணி. ஒரு கைக்கு அம்பது பேரு. நீயே வைத்தியம் படிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பே? அங்க பாரு."

அவர் காட்டிய இடத்தில், கோணிச் சாக்கின்மேல் ஏழெட்டு வயதுப் பெண்குழந்தை ஒன்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தது. தொடையெலும்பு. பக்கத்தில் அதன் தாய், ஜீப்பில் வந்த மலைக்காரப் பெண், வெள்ளையம்மா என்று பேர். முற்றத்தில் பேசியது முழுவதையும் கேட்டிருந்தாள். எழுந்து சீராயியிடம் வந்தாள்.

"அக்கா, அந்தக் கதிரு உன்னுதா?"

"ஆமா."

"எம்புள்ளைக்கு ஒரு பிடி குடுப்பியா? உனக்கே வேணும்னா நீ வெச்சுக்க. இன்னும் பொழுது இருக்குது, ஜீப்பும் நிக்குது. நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். கேட்டுட்டுப் போலாம்னுதான் கேக்கறேன்."

சீராயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று வருஷத்தில் இதை அவளிடம் கேட்ட முதல் ஆள், ஓலக்கரட்டுக்கு அன்றைக்குத்தான் வந்தவள்.

ஏழு கதிர் இருந்தன. அரிவாளை இடது கையில் வாங்கித் தானே அறுத்தாள். மூன்றைக் குழந்தைக்குக் கொடுத்தாள், நாலைத் தனக்கு வைத்துக்கொண்டாள். முற்றத்து அடுப்பில் வெள்ளையம்மா இரண்டையும் தனித்தனியாக, ஒரு கல் உப்புப் போடாமல் காய்ச்சினாள். ஊரே நின்று பார்க்க, சீராயி இடது கையால் கரண்டியைப் பிடித்துக் குடித்தாள். பால் ருசி, புல் ருசி, கொஞ்சம் தன் வியர்வையின் ருசி. விஷம் இல்லை.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று நாளும் அந்த முற்றத்திலேயே, குழந்தையின் பக்கத்தில், வெள்ளையம்மா காய்ச்சிய உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தையின் தொடையில் அந்தச் சத்தம் கேட்டது, கொஞ்சம் பொறுத்துச் சீராயியின் கையில் கேட்டது. தாள்கள் வெளுத்து, வேரோடு தாமாகவே கழன்று மடியில் விழுந்தன. ஆனால் மூன்று வருஷமாகக் கட்டுக்குக் கட்டு ஆதிமூலம் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி வைத்திருந்த எலும்புகள், விலகின இடத்திலேயே கூடிக்கொண்டன. முன்கை வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. பிடிக்க முடிந்தது, தூக்க முடிந்தது. உள்ளங்கை அவள் பக்கம் திரும்பவில்லை, வாய்க்கு எட்டவில்லை.

மறுநாள் காலை வெள்ளையம்மாவோடும் குழந்தையோடும் அவள் மலை பஸ்ஸில் ஏறினாள். செங்கோடன் பஸ்ஸின் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து, பிறகு நின்றுவிட்டான்.

ஓலக்கரடு அதையும் எடுத்துக்கொண்டது. அவள் மடியில் விழுந்த தாளையும் வேரையும் ஆதிமூலம் எடுத்துப் போய் நல்ல செம்மண் நிலமாகப் பார்த்து நட்டார். அது சாதாரணத் தினையாக விளைந்தது, சளியை அறுத்தது, ஊட்டம் கொடுத்தது, பிரண்டையோடு அரைத்துப் பத்துப் போட்டால் எலும்பை நாற்பது நாளில் சேர்த்தது. கட்டில்கள் காலியாயின. கொஞ்ச நாளில், கூட்டம் போட்டது அவளைக் குணப்படுத்தத்தான் என்று ஒரு சிலர் சொல்லத் தொடங்கினார்கள், பிறகு எல்லாரும் அப்படியே சொன்னார்கள், சொல்லச் சொல்ல அவர்களுக்கே அப்படித்தான் ஞாபகம் வந்தது. மாரப்பன் மட்டும் பம்பையைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டு, எதற்கும் கை தூக்காத ஆளாக இருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் செங்கோடன் மலைக்குப் போனான். சீராயி வெள்ளையம்மாவின் சாமைக்காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வளைந்த கையால் செடியை விலக்கி, இடது கையால் களையைப் பிடுங்கினாள். வரப்பில் நின்றவனைப் பார்த்து நிமிர்ந்தாள். அவன் இளைத்திருந்தான். கையில் மூடி போட்ட ஒரு தூக்குவாளி.

"கொஞ்சம் சோறு ஆக்கியாந்தேன்" என்றான். "உப்பே போடல. புளியும் இல்ல."

"பத்தியம் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு" என்றாள் சீராயி.

அவன் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"வீட்டுக்கு வா சீராயி. ஊரே தப்புன்னு சொல்லுது."

"ஊரு அப்பிடிச் சொல்லலைன்னு கேள்விப்பட்டேன்."

அவள் கையிலிருந்த களையை வரப்பில் உதறினாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், சொல்லிட்டுப் போங்க. அன்னிக்குக் கோயில் முன்னால எந்தக் கையத் தூக்குனீங்க?"

அவன் ஞாபகமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் அவள் அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து பார்த்தான்.

"சோத்துக் கையத்தான்" என்றான்.

சீராயி தலையை ஆட்டினாள். கோபமாகத் தெரியவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஒருவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது, கேட்டாயிற்று. குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினாள்.

"மூணு மணி பஸ்ஸ விட்டுட்டா அப்புறம் காலையிலதான்" என்றாள்.